ஹெம்ப்கிரீட் சுவர் குமரி மழைக்குத் தாங்குமா? (திருவட்டாறு, 1000 சதுரடி)

திருவட்டாறு_மனை கேட்டது:

திருவட்டாறு பக்கம் 8 சென்ட் மனை. தரைத்தளம் மட்டும், 1000 சதுரடியில் வீடு வைக்க வேண்டும். மேற்கே இருந்த ரப்பரை வெட்டிப் புதுக்கன்று நட்டிருக்கிறார்கள். இன்னும் ஐந்தாறு வருஷத்துக்குச் சாயங்கால வெயில் முழுக்க அந்தப் பக்கச் சுவரில்தான். செங்கல், வெட்டுகல் (செம்புரைக்கல்), ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக்குமிழி கான்கிரீட்) எல்லாம் விசாரித்தாயிற்று. சணலும் சுண்ணாம்பும் கலந்து கட்டும் ஹெம்ப்கிரீட் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அது சுமை தாங்குமா? கலவை என்ன கணக்கு? இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) அடிக்கும் ஊரில் பூஞ்சை பிடிக்காமல் நிற்குமா? செதல் (கறையான்) அரிக்குமா? இங்கே விளையும் சணப்பைத் தண்டை வைத்தே செய்ய முடியுமா? கட்டினால் போலீஸ் தொந்தரவு வருமா என்று வீட்டில் ஒரு பயமும் இருக்கிறது.

கல்லுக்கட்டு:

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேறு பொருள் வந்து இறங்கும். சாக்குத் தைக்கும் சணல் ஒரு செடி, ஜூட். வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற சணப்பை இன்னொரு செடி. அதற்கு ஆங்கிலத்தில் சன் ஹெம்ப் என்று பெயர் இருப்பதால்தான் தமிழ்க் காணொளிகளில் இந்தக் கூத்து. ஹெம்ப்கிரீட்டில் போடுகிற ஹெம்ப், கஞ்சாச் செடியின் இனமேதான். போதைச்சத்து மிகக் குறைந்த ரகம். தண்டில் நாரை உரித்தபின் மிஞ்சும் உள்கட்டையை 5 முதல் 25 மில்லிமீட்டர் நீளத்துக்கு நறுக்கினால் கிடைப்பதை விற்பவர்கள் ஹர்ட் என்பார்கள். நான் சில்லு என்றே சொல்கிறேன்.

சணப்பையை நாம் ஒன்றரை மாதத்தில், பூக்கும்போதே மடக்கி உழுதுவிடுகிறோம். அந்த வயதில் தண்டில் கட்டையே பிடித்திருக்காது. அதனால் அதை மறந்துவிடுங்கள். தென்னை நார்க்கழிவும் சரிப்படாது. அது தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உப்பும் டானினும் உண்டு. சுவர் காயவே காயாது. ரப்பர் மரத் தச்சுச் சீவல் மார்த்தாண்டம், குலசேகரம் மில்களில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஆனால் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். போரான் மருந்து ஊட்டாத சீவலில் துளைப்பான் பூச்சியும் நீலப்பூஞ்சையும் ஒருசேர வரும்.

சுமை தாங்குமா என்றால் தாங்காது. சுவருக்குக் கலக்கும் அடர்த்தியில் அதன் அமுக்க வலிமை 1 மெகாபாஸ்கலைத் தொட்டாலே பெரிது. சாதாரணச் செங்கல்லுக்கே குறைந்தது 3.5 கேட்கிறோம். கூரையையும் காற்றையும் தாங்க வேறு சட்டகம் வேண்டும். 2017 ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தில் என்ன செய்தது என்று தெரிந்தும் அதில் சிக்கனம் பார்ப்பது புத்தியல்ல. நம் கொத்தனார்களுக்குப் பழகிய கான்கிரீட் தூணும் பீமும் போட்டு, இடையை ஹெம்ப்கிரீட்டால் நிரப்புவதுதான் இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும். தூணின் பக்கவாட்டில் 5 × 2.5 செ.மீ. மரப்பட்டியல் ஒன்றை மேலிருந்து கீழ்வரை அடித்துவிடுங்கள். சுவர் காயும்போது ஓரத்தில் மயிரிழை விலகும்; பட்டியல் அதைக் கவ்விப் பிடிக்கும்.

தடிமன் 20 செ.மீ. போதும். ஐரோப்பாவில் 30, 35 வைப்பது குளிருக்காக. நமக்கு இரவிலும் 24, 25 டிகிரிதான், காற்று ஓடினால்தான் உடம்பு ஆறும். 20 செ.மீ. ஹெம்ப்கிரீட்டின் யூ மதிப்பு (சுவர் வழியே சூடு கடக்கும் அளவு, குறைந்தால் நல்லது) ஏறத்தாழ 0.4, இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவருக்கு அது 2 அளவில் இருக்கும். மேலே தடிப்பாக்கக் கிடைக்கும் லாபம் சொற்பம், காயும் காலமோ கூடிக்கொண்டே போகும்.

கணக்கு இது. 10 × 9.3 மீட்டர் வீடு, சுற்றளவு 38.6, உயரம் 3. கதவு சன்னல் கழித்தால் வெளிச்சுவர் சுமார் 100 சதுர மீட்டர், அதாவது 20 கன மீட்டர். கன மீட்டருக்குச் சில்லு 110 கிலோ, சுண்ணாம்புக் கலவை 220 கிலோ. மொத்தம் சில்லு 2.2 டன், சுண்ணாம்பு 4.4 டன். சில்லு எடைக்கு ஒன்றுமில்லை, இடத்தைத்தான் அடைக்கும்: 17 அடி லாரி நிறைந்துவிடும். அது வருவது உத்தராகண்டிலிருந்து, 2,800 கிலோமீட்டருக்கு மேல். பொருளின் விலையைவிட லாரி வாடகைதான் உங்கள் திட்டத்தைத் தீர்மானிக்கும்.

அதனால் வீடு முழுவதும் வேண்டாம் என்பது என் கருத்து. மேற்குச் சுவர் ஒன்றுக்கு மட்டும் 5.4 கன மீட்டர், சில்லு 600 கிலோ. கிழக்கையும் சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு. மற்ற இரண்டு பக்கமும் வெட்டுகல்லும் அகலச் சன்னலும் வையுங்கள்.

நீற்றுச்சுண்ணாம்பு:

கல்லுக்கட்டு சொன்ன அளவுகள் சரி. எடையைவிடக் கை பிசகுவதுதான் இதில் அதிகம் கெடுக்கும். அதனால் கலவையைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

சுண்ணாம்புக் கலவை எடைக்கணக்கில் நூற்றுக்கு 75 நீற்றுச் சுண்ணாம்புத் தூள், 15 சிமெண்ட், 10 பொசலானா, அதாவது சுண்ணாம்போடு சேர்ந்து அதை இறுகவைக்கும் தூள். பொசலானாவுக்கு மெட்டாகயோலின் (சுட்ட வெண்களிமண் தூள்) நல்லது; கிடைக்காவிட்டால் நன்றாகச் சுட்ட செங்கல்லை மைபோல இடித்த சுர்க்கி. வெறும் நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்து இறுகுவது, மாதக்கணக்கில் ஆகும். நம் ஈரக்காற்றில் பலகை கழற்றும்வரைகூட நிற்காமல் சரியும். மறுபக்கம், 'பலமா இருக்கட்டும்' என்று கொத்தனார் சிமெண்டைப் பாதிக்குப் பாதி ஏற்றினால் வேறு வினை. சிமெண்ட் இறுகத் தண்ணீர் வேண்டும். அதற்குள் சில்லு அதை உறிஞ்சிவிடும். மேலே கெட்டியாகவும் உள்ளே கை வைத்தால் உதிர்கிற தூளாகவும் நிற்கும் சுவருக்கு இதுதான் காரணம்.

25 கிலோ சுண்ணாம்புக் கலவைக்குச் சில்லு 12.5 கிலோ, தண்ணீர் 37 லிட்டர். சில்லை எடை போட முடியாவிட்டால் 20 லிட்டர் பக்கெட்டில் அமுக்காமல் ஐந்தரை, ஆறு பக்கெட். சாதாரண உருளை மிக்சர் வேண்டாம், உள்ளே உருண்டை பிடித்துச் சுழலும், நடுவில் காய்ந்த சில்லு அப்படியே இருக்கும். தட்டு மிக்சர் வாடகைக்கு எடுங்கள். முதலில் தண்ணீர், அதில் சுண்ணாம்பைக் கொட்டித் தயிர்ப் பதத்துக்கு ஓடவிட்டு, பிறகு சில்லைக் கொஞ்சம் கொஞ்சமாக. எல்லாச் சில்லும் வெள்ளை போர்த்ததும் நிறுத்திவிடுங்கள். மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடினால் சில்லு நொறுங்கித் தூளாகும்.

பதம் பார்க்கக் கையில் ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் இரண்டாக உடைய வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகினால் கூடுதல், உதிர்ந்தால் குறைவு.

பலகை அடைத்து 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு வரி கொட்டிப் பரப்புங்கள். ஓரங்களையும் தூணையொட்டிய இடத்தையும் மட்டும் மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள், நடுவைத் தொட வேண்டாம். கான்கிரீட் பழகிய கை இதில்தான் ஏமாறும். குத்திக் குத்தி இறுக்கினால் உள்ளிருக்கும் காற்று போய்விடும், வெயிலைத் தடுப்பதே அந்தக் காற்றுதான். 330 கிலோ அடர்த்தி 450 ஆனால் பொருளும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவாகும். மறுநாளே பலகையைக் கழற்றிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் மூடிவைத்தால் பலகைக்குப் பின்னாலேயே பூஞ்சை வரும். பீமுக்கு அடியில் கடைசி 15 செ.மீ. மேலிருந்து கொட்ட முடியாது, பக்கவாட்டிலிருந்து கையால் திணிக்க வேண்டும். அதை விட்டால் ஒரு மாதத்தில் பீமுக்குக் கீழே வெளிச்சம் தெரியும்.

சில்லு வந்து இறங்கியதும் ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க வையுங்கள். தண்ணீர் கட்டன் சாயாபோல் கறுத்தால் தண்டு சரியாக ஊறவைக்கப்படாதது. அதிலிருந்து இறங்கும் சர்க்கரையும் பெக்டினும் சுண்ணாம்பை இறுகவிடாது. இதே காரணத்துக்காகக் கருப்பட்டித் தண்ணீரை இந்தக் கலவையில் ஊற்றாதீர்கள். கடுக்காயும் கருப்பட்டியும் மேல்பூச்சுக்கு உரியவை.

கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரையும் மிக்சர் அருகே விடாதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடமாவது நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

திருவட்டாறு_மனை:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. இரண்டு சந்தேகம். வீட்டில் ஆவணிக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்கிறார்கள். சித்திரையில் சுவர் ஏற்றினால் முடியுமா? வெளியே மட்டும் சிமெண்ட் பூசி, அதன்மேல் வெதர்கோட் அடித்தால் மழைக்குப் பாதுகாப்பு என்று எங்கள் மேஸ்திரி சொல்கிறார்.

ஆரல்காற்று:

சித்திரை வேண்டவே வேண்டாம். கன மீட்டருக்கு 330 லிட்டர் தண்ணீர் என்றால், 20 செ.மீ. சுவரில் சதுர மீட்டருக்கு 66 லிட்டரை உள்ளே விட்டுக் கட்டுகிறீர்கள். அதில் பெரும்பகுதி ஆவியாக வெளியே போக வேண்டும். திருவட்டாறில் தை, மாசி, பங்குனி தவிர அதற்கு வழியில்லை. சித்திரையில் கோடைமழை, பின்னாலேயே இடவப்பாதி. ஆவணியிலும் சுவர் ஈரமாகத்தான் நிற்கும். தை பிறந்ததும் கலவையைத் தொடங்கினால் ஆறு முதல் எட்டு வாரம் இருபுறமும் திறந்துவிட்டு, பங்குனியில் பூசலாம். கூரை முதலில் ஏறிவிட வேண்டும், சுவர் பிறகு. தூண், பீம் என்று போனால் அந்த வரிசை இயல்பாகவே அமையும்.

ஆவணியை விடமுடியாது என்றால் பிளாக்காக வார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு: பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் மழை கொட்டும் நாளிலும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்று வீசிக்கொண்டே இருக்கும். அத்தனை காற்றாலையும் சும்மாவா அங்கே நிற்கின்றன? அங்கே கூரைக்கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து 40 × 20 × 20 செ.மீ. பிளாக் போடுங்கள். காய்ந்தபின் ஒன்று ஐந்தரை கிலோகூட வராது. தரையில் வைக்காமல் மரப்பட்டியல் தட்டில், ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி. முதல் ஒரு வாரம் நேர்வெயிலும் நேர்க்காற்றும் படாமல் சாக்குத் திரை கட்டுங்கள், இல்லாவிட்டால் மேல்தோல் மட்டும் சீக்கிரம் காய்ந்து உதிரும். பிறகு திறந்துவிடலாம். ஐந்தாறு வாரத்தில் திருவட்டாறுக்கு ஏற்றலாம், 20 கன மீட்டருக்குச் சுமார் 1250 பிளாக். சுண்ணாம்புச் சாந்தில் 10 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் கட்டினால், சுவருக்குள் போகும் தண்ணீர் சாந்தில் இருப்பது மட்டும்தான்.

பிளாக் வேலையில் ஒரு குறை: மூலை உடைவது. நூற்றுக்கு ஐந்தாறு கூடுதலாகவே வார்த்துவையுங்கள். உடைந்ததை நொறுக்கி அடுத்த கலவையில் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

பட்டயம்:

போலீஸ் பயத்துக்கு மட்டும் பதில். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூக்கும், காய்க்கும் நுனியை. சரஸ் என்பது பிசினை. நார் உரித்த தண்டின் கட்டை இரண்டிலும் அடங்காது. ஆனால் அனுமதியில்லாமல் செடி வளர்ப்பது குற்றம், எந்த ரகமானாலும். 'நாமே நாலு சென்டில் போட்டால் என்ன' என்ற யோசனை வேண்டாம். நாருக்கும் விதைக்கும் மட்டும் வளர்க்க அரசு அனுமதிக்கலாம் என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. அதைக்கொண்டு உத்தராகண்ட் 2018இல் உரிமம் கொடுக்கத் தொடங்கியது, போதைச்சத்து 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு. லாரியில் பில், விற்பவரின் உரிம நகல், சரக்கு 'நார் நீக்கிய தண்டுச் சில்லு' என்ற விவரம் மூன்றும் இருக்கட்டும். சில்லில் இலையோ விதையோ பூவோ கலந்திருந்தால் இறக்காமலே திருப்பி அனுப்புங்கள்.

வரைபட அனுமதியில் ஹெம்ப்கிரீட் என்று பெரிதாக எழுதி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று சிலர் சொல்வார்கள். மறைக்காதீர்கள். 'கான்கிரீட் சட்டகம், சுமை தாங்காத நிரப்புச் சுவர், சுண்ணாம்புத் தாவரக் கலவை' என்று பொறியாளர் கையெழுத்தோடு எழுதினால் போதும். வங்கிக் கடன் மதிப்பீட்டாளரும் பார்ப்பது தூண், பீம், கூரையைத்தான்.

நீற்றுச்சுண்ணாம்பு:

மேஸ்திரி சொன்ன சிமெண்ட் பூச்சுக்கு வருகிறேன். இந்தச் சுவரைக் கொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது. ஹெம்ப்கிரீட் ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். சிமெண்ட் பூச்சு வெடிப்பு வழியாகத் தண்ணீரை உள்ளே விடும், வெளியே விடாது. வெதர்கோட் மேலே பிளாஸ்டிக் உறை போர்த்திவிடும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு தகடு தகடாகக் கழன்று வரும், பின்னால் சில்லு கறுத்து மக்கியிருக்கும். அப்புறம் 'ஹெம்ப்கிரீட் நம்ம ஊருக்கு ஆகாது' என்பார்கள்.

சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, முதல் பூச்சு 10 மி.மீ., சொரசொரப்பாகக் கீறிவிட்டு ஒரு வாரம் கழித்து இரண்டாவது 8 மி.மீ. பூசுமுன் சுவரில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும், காய்ந்த சுவர் பூச்சின் ஈரத்தைக் குடித்துவிடும். பூச்சுக்குச் சுட்ட கல்லை நீற்றி எடுப்பதானால் குழியில் மூன்று வாரமாவது ஊறட்டும், சல்லடையில் வடிகட்டுங்கள். நீறாத குருணை ஒன்று தப்பினாலும் ஆறு மாதம் கழித்துப் பூச்சில் அம்மைத் தழும்புபோலப் பொத்துக்கொண்டு வரும். முடிவாக வெள்ளையடிப்பு, நீர்க்கத் தீட்டி நான்கைந்து கை.

மணலுக்குக் கடற்கரைப் பக்கம் போகவே வேண்டாம். உப்பு ஒருபுறம், மணவாளக்குறிச்சிக் கரையில் தோரியம் கலந்த மோனசைட்டும் உண்டு.

சுவர் முழுதாகக் காயுமுன் பூசினால் பழுப்புக் கறை பூச்சில் ஊறி மேலே வரும். தண்டின் டானின் அது. எத்தனை வெள்ளை அடித்தாலும் மறுபடி தெரியும். ஈரமானியில் 20 சதவீதத்துக்குக் கீழே, அதுவும் சுவரின் நடு ஆழத்தில் காட்டினால்தான் கரண்டியை எடுக்க வேண்டும். மேல்தோலைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கல்லுக்கட்டு:

விட்டுப்போனது: செதலும் கூரையும்.

சுண்ணாம்பின் காரத்தால் ஹெம்ப்கிரீட்டைச் செதல் விரும்பாது. அது தேடிப் போவது சன்னல் சட்டத்தையும், உள்ளே வைத்த பட்டியலையும். அடித்தளம் கருங்கல் கட்டு, தரைமட்டத்திலிருந்து 60 செ.மீ. உயரம், 45 வைத்தாலும் கட்டட விதிக்குப் பாதகமில்லை, ஆனால் கூரைநீர் தரையில் விழுந்து தெறிக்கும் உயரம் நம் மழையில் அதைத் தாண்டும். மேலே ஈரத்தடுப்புக் கான்கிரீட். வானம் (அடித்தளக் குழி) தோண்டியதும் செதல் மருந்தை மண்ணிலேயே கொடுத்துவிடுங்கள். உள்பட்டியலுக்கு ஆஞ்சில் மரம் போதும். அலுமினியச் சன்னல் சட்டம் ஈரச் சுண்ணாம்பில் நேரே படக்கூடாது, அரித்துவிடும்; இடையில் மரம் வையுங்கள்.

சுவருக்கு மேல் சரிவு குறைந்தது 90 செ.மீ. வெளியே நீளட்டும். தக்கலை பக்கம் போனால் பத்மநாபபுரம் அரண்மனையின் இறவாணம் (கூரை விளிம்பு) எவ்வளவு தூரம் இறங்கி வருகிறது என்று நின்று பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்ல வேண்டும். ஒற்றைத்தள வீட்டில் சூடு அதிகம் இறங்குவது மேற்குச் சுவர் வழியாக அல்ல, மொட்டை மாடி வழியாக. மேலே தளம் திறந்து கிடக்க, சுவருக்கு மட்டும் உத்தராகண்டிலிருந்து சில்லு இறக்கினால் பாதி வேலைதான் நடக்கும். தளத்தின் மேல் ஹெம்ப்கிரீட்டைப் பரப்பித் தட்டோடு பதிக்கச் சொல்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், இடுக்கில் இறங்கும் மழைநீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். தளத்துக்குமேல் ஓட்டுக்கூரை, இரண்டுக்கும் இடையில் காற்று ஓட இருபுறமும் வலை வைத்த திறப்பு. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் இதைச் செய்துவிட்டு, மேற்குச் சுவருக்கு 600 கிலோ சில்லுக்கு மட்டும் விலை கேளுங்கள். அந்த அளவுக்குத் தனி லாரி கட்டாது. தெற்கே வரும் பார்சல் லாரியில், தார்ப்பாய் போர்த்திய மூட்டையாக அனுப்ப முடியுமா என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நனைந்த மூட்டை வந்தால் பிரித்து உலர்த்திப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம், புளித்த வாடை அடித்தால் அது தோட்டத்து மூடாக்குக்குத்தான்.